முதலில் அவனிடமிருந்து பறியுங்கள்

புடவை கட்டியிருந்தால் இதை எங்கே செருகுவது என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற, அறுபதைத் தாண்டிய அம்மாள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என் சுங்குடிச் சேலையை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே பெல்ட் உண்டா என்றார். பாவாடை நாடா உண்டு என்று சொல்லி, நாடா என்றால் என்னவென்றும் விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டார். “கயிறு தாங்காது. நல்ல பெல்ட் இல்லையென்றால் எந்த உறையும் உறை இல்லை.”

2023 மே மாதம். கல்லூரிக்குக் கோடை விடுமுறை. ஹூஸ்டன் நகரின் மேற்குப் புறநகரில் இருக்கும் என் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அதற்கு முந்தின வாரமே ஒரு சிறிய கைத்துப்பாக்கி வாங்கிவிட்டிருந்தாள். அன்று வாங்க வந்தது, அதைச் சட்டைக்குள் வெளியே தெரியாமல் செருகிக்கொள்ளும் உறை. ஹோல்ஸ்டர் என்கிறார்கள். பெண்ணியம் பேசும் அக்கா கூட வந்தால் தைரியமாக இருக்கும் என்று என்னை அழைத்துப்போனாள். தைரியம் சொல்லத்தான் போனேனா, தடுக்கப் போனேனா என்பது எனக்கே அப்போது தெளிவாக இல்லை.

உறை வாங்குவதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. விசையைச் சுற்றியிருக்கும் வளையம் முழுவதையும் கெட்டியான பொருள் மூடியிருக்க வேண்டும். துணி நுனியோ சாவிக்கொத்தோ விரலோ விசையில் படவே கூடாது. அதனால் மெத்தென்ற துணியுறை வேண்டாம், கைடெக்ஸ் எனும் கெட்டி பிளாஸ்டிக்கே நல்லது. துப்பாக்கியை உருவிய பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும், பார்த்து ஒரு கையால் திரும்பச் செருகுவதற்கு. குனிந்தாலும் ஓடினாலும் நழுவக் கூடாது. இழுத்தால் வந்துவிட வேண்டும். இதுவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பிறகுதான் தொல்லை. இந்த உறைகளில் பெரும்பாலானவை நேராக இறங்கும் ஆண் இடுப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இடுப்பெலும்பு விரியும் உடம்பில் உறையின் அடிப்பகுதி வெளியே தள்ளப்பட்டு, பிடி சாய்ந்து விலாவில் குத்துகிறது. விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே நமக்கு இடமும் குறைவு. எனவே பக்கவாட்டில் வைக்காமல் முன்பக்கம், பெல்ட் கொக்கியை ஒட்டி வைக்கச் சொன்னார். அதற்கொரு சின்ன மெத்தை முட்டுக் கொடுக்க வேண்டும். பெண்கள் ஜீன்ஸில் பெல்ட் கோக்கும் வளையமோ சுண்டுவிரல் அகலம். அதற்குத் தனிப் பெல்ட் தேட வேண்டும். பெண்ணுடைக்கு ஒரு பாக்கெட் வைத்துத் தைக்க மனம் வராத உலகம், துப்பாக்கி வைத்துக்கொள்ள மட்டும் வழி சொல்கிறது.

ரோஜா நிறத்தில், லேஸ் வைத்து, தொடையில் கட்டுவதற்கு ஒன்று இருந்தது. மார்க்கச்சையின் நடுவே தொங்கவிடுவதற்கு ஒன்று. அதிலிருந்து உருவும்போது குழல்முனை நம் கையையோ பக்கத்தில் நிற்பவரையோ கடந்துதான் வரும். அந்த அம்மாள் இரண்டையும் ஓரமாகத் தள்ளிவைத்து, இவை வாங்கப்படுவதற்காகச் செய்தவை, அணிவதற்காக அல்ல என்றார். வியாபாரிகளில் நான் பார்த்த நேர்மையான மனுஷி.

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, அவனுடைய ஆயுதக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்த கதை என் மாணவிகளுக்குத் தெரியும். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. பளபளப்பாக அலங்கரித்து வைத்த ஆயுதம் எதைச் சொல்கிறது என்பதை முதலில் வாசித்துக் காட்டியவள் ஒரு பெண். அந்தக் கண்ணாடி அலமாரி முன்னால் எனக்கு அவள் நினைவுதான் வந்தது. ஆனால் ஔவை பார்த்தது அரசனின் ஆயுதம். நான் பார்த்துக்கொண்டிருந்தது, அரசு தன் வேலையைச் செய்யாததால் என் தங்கை தன் சம்பளத்தில் வாங்கும் ஆயுதம்.

அவளுடைய கதையை அவள் அனுமதியோடு எழுதுகிறேன். எட்டாண்டு மணவாழ்க்கை. அடி, பிறகு மன்னிப்பு, பிறகு பூங்கொத்து, பிறகு அடி. 2022இல் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். அதன் பிறகு அவன் அடிக்கவில்லை. அவளுடைய அடுக்ககத்தின் எதிரே காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பான். இறங்க மாட்டான். பேச மாட்டான். ஒருநாள் அவள் அலுவலகக் கார் நிறுத்துமிடத்தின் படம் மட்டும் கைப்பேசிக்கு வந்தது, ஒரு சொல்கூட இல்லாமல். ஊரிலிருந்து சித்தி, பிள்ளைக்காகவாவது அனுசரித்துப் போ என்றார். அங்கிருக்கும் நம்மவர்களில் இரண்டு பெரியவர்கள் சமாதானம் பேச வந்து, காபி குடித்துவிட்டு, அவன் ரொம்ப உடைந்துபோயிருக்கிறான் அம்மா என்றார்கள்.

2023 மார்ச்சில் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கினாள். அவனிடம் முறையாக வாங்கிய இரண்டு துப்பாக்கிகள் உண்டு என்று சொன்னாள். அவனைக் கேட்டார்கள். நண்பனிடம் கொடுத்துவிட்டேன் என்றான். எழுதிக்கொண்டார்கள். எந்த நண்பன், எந்த ஊர், எப்போது? யாரும் கேட்கவில்லை. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. வாழ்க்கைத்துணையை அச்சுறுத்தியதற்காக இப்படிப்பட்ட ஆணைக்கு உட்பட்டிருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 1994இலேயே சொல்லிவிட்டது. 2023 பிப்ரவரியில், அதாவது என் தங்கை நீதிமன்றப் படி ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னால், டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களுக்கான கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. வழக்கின் பெயர் ரஹிமி. டெக்சஸின் ஆர்லிங்டன் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் தன் குழந்தையின் தாயைக் கீழே தள்ளி, இழுத்துக் காருக்குள் திணித்து, அதை ஒருவர் பார்த்துவிட்டதும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டவன் அவன். அவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கக் கூடாது என்பதற்கு நீதிபதிகள் சொன்ன காரணம்: அரசியல் சாசனம் எழுதப்பட்ட காலத்து மரபில் இப்படியொரு தடைக்கு முன்மாதிரி இல்லை. 2022இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது. துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் பழைய மரபில் அதற்கு வேர் இருக்க வேண்டும்.

எப்படி இருக்கும்? மனைவியை அடித்துத் திருத்துவது கணவனின் உரிமை என்று நம்பிய காலம் அது. அவளுக்கு ஓட்டு இல்லை, சொத்து இல்லை. கறுப்பினப் பெண்ணுக்கு அவளுடைய உடம்பே அவளுடையது இல்லை. அடிப்பதே குற்றமாகாத காலத்தில், அடித்தவனின் துப்பாக்கியை வாங்கிவைக்கச் சட்டம் எங்கிருந்து முளைக்கும்? ‘மரபில் இல்லை’ என்கிற இந்த வாக்கியத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். எங்கேயோ என்ன, பிறந்ததிலிருந்து கேட்கிறேன். கருவறைக்குள் போவது மரபில் இல்லை, சுடுகாட்டுக்குப் போவது மரபில் இல்லை, கொள்ளி வைப்பது மரபில் இல்லை. ஹூஸ்டனில் அது ஆங்கிலத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

மாநிலச் சட்டத்தில் ஒரு தடை இருக்கத்தான் செய்தது. ஏட்டில். அதே டெக்சஸ் மாநிலத்தில், 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிறைந்த, சட்டத்தால் தடுக்கப்படாத எவரும் உரிமமோ பயிற்சியோ இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம். ஆக, அரசு என் தங்கைக்குச் சொன்னது இது: அவனிடம் இருப்பதை எங்களால் எடுக்க முடியாது, நீயும் ஒன்று வைத்துக்கொள்ளத் தடையில்லை.

பயிற்சி வகுப்பு ஒரு சனிக்கிழமை. பதினொரு பெண்கள், நான் பன்னிரண்டாவது. சொல்லித்தந்தவர் முன்னாள் போலீஸ்காரப் பெண். உரிமம் வாங்குவதற்கான தேர்வில் மூன்று தூரங்களிலிருந்து 50 தோட்டாக்கள் சுட்டுக் காட்ட வேண்டும். ஆனால் உறையிலிருந்து உருவிக் காட்டச் சொல்வதில்லை என்றார். உண்மையில் ஆபத்து அந்த உருவுதலில்தான் இருக்கிறது. அதனால் பகல்வரை நீல நிற பிளாஸ்டிக் துப்பாக்கிதான். இடது கையால் சட்டையை அள்ளி நெஞ்சுவரை ஏற்று. வலது கையால் பிடியை முழுதாகப் பற்று. அரைகுறையாகப் பற்றினால் மேலே வந்த பிறகு திருத்த முடியாது. நேராக மேலே இழு. குழலை முன்னால் திருப்பு. நெஞ்சருகே இரு கையும் சேரட்டும். நீட்டு. விரல் விசையில் இல்லை, பக்கவாட்டில். திரும்பச் செருகும்போது மட்டும் அவசரமே கூடாது: கண்ணால் பார், சட்டை நுனி உள்ளே போகிறதா பார், மெதுவாக. வீட்டில் தினமும் பத்து நிமிடம் இதையே செய்ய வேண்டும், தோட்டா வேறு அறையில் இருக்க.

கைப்பைக்குள் வைப்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பை நம் உடம்பு இல்லை. கழற்றி வைப்போம், மறப்போம், பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹெய்டன் ஊரில், பேரங்காடித் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை, தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டது. தாய் அங்கேயே இறந்தாள். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் வைத்துத் தைத்த பை அது. கிறிஸ்துமஸ் பரிசாக வந்தது. இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பதினொரு பெண்களில் எட்டுப் பேருக்குக் குழந்தைகள் இருந்தன.

பிற்பகலில் நிஜத் துப்பாக்கி. பொய் சொல்லக் கூடாது: எனக்குப் பிடித்திருந்தது. தோள் அதிர, காதடைப்பானுக்குள்ளும் அந்த ஓசை இறங்க, தாள் மனிதனின் நெஞ்சில் ஓட்டை விழுந்தபோது, பதினாறு வயதில் மதுரைப் பேருந்து நெரிசலில் என் மார்பைக் கசக்கிவிட்டு இறங்கிப்போனவனின் முதுகு நினைவுக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக என்னிடமிருந்த ஏதோ ஒன்று அந்த நொடியில் இறங்கியது. ஆயுதம் தூக்கும் பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கும் மென்மையான பெண்ணியம் எனக்கு அன்றோடு போயிற்று. அந்தச் சுகத்தை அறியாமல் அதை விமர்சிப்பது சுலபம்.

ஆனால் நேரமானி வேறு கதை சொன்னது. ஒலி கேட்டதும் சட்டையை ஏற்றி, உருவி, முதல் தோட்டாவை விடுவதற்கு என் தங்கைக்கு மூன்று நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. எனக்கு ஐந்து. 21 அடி தூரத்தில் கத்தியோடு நிற்பவன் ஓடிவந்து நம்மைத் தொட ஏறக்குறைய ஒன்றரை நொடி போதும் என்று 1983இல் அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் டெனிஸ் டுல்லர் எழுதினார். அந்தக் கணக்குதான் இன்றும் இந்த வகுப்புகளில் பாடம். 21 அடி என்பது என் வகுப்பறையில் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடுவிலான தூரம்.

அவன் 21 அடியிலிருந்து வருகிறவன் இல்லையே! அவன் எட்டாண்டுகள் சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் இருந்தவன். மூன்றடி. இந்த உறையின் வடிவம், பயிற்சியின் ஒவ்வொரு அசைவு, சுடச்சொல்லித் தொங்கவிட்ட முகமில்லாத தாள் மனிதன், எல்லாமே ஒரு அந்நியனை மனத்தில் வைத்தவை. இருட்டு, கார் நிறுத்துமிடம், முகமூடி. வீட்டுக்குள் நுழைந்ததும் பெண் என்ன செய்வாள்? பெல்ட்டைக் கழற்றுவாள். ஆறு வயது மகள் இருப்பதால் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவாள், பூட்டத்தான் வேண்டும். நைட்டி மாட்டுவாள். நைட்டிக்கு ஹோல்ஸ்டர் கிடையாது. எந்த இடத்தில் பெண்கள் அதிகம் அடிபட்டுச் சாகிறார்களோ, அந்த இடத்தில் கழற்றி வைக்கப்படுவதற்கென்றே அமைந்த கருவி இது.

ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. ஜாக்குலின் கேம்பெல் தலைமையில் அமெரிக்காவின் 11 நகரங்களில் நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வு: கொடுமைப்படுத்தும் துணையின் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்குக்கு மேல். கலிபோர்னியாவில் செய்து 2022இல் வெளியிட்டது: கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள், துணையால் சுடப்பட்டு இறப்பது ஏழு மடங்கு; அப்படி இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். இன்னொன்றும் இருக்கிறது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே கலிபோர்னியாவில், 2020இல் வந்த ஆய்வு. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பெண்கள், வைத்திராத பெண்களைவிட, தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறப்பது 35 மடங்கு. தூங்காமல் கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்த என் தங்கை இரவு பதினொரு மணிக்கு அந்தப் பெட்டியைப் பூட்டுவதை நான் ஹாலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. டெக்சஸில் மறைத்து வைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் போராடியவர் ஒரு பெண், சுசன்னா ஹப். 1991 அக்டோபர் 16, கில்லீன் ஊரின் உணவகம் ஒன்றில் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு நுழைந்தவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். ஹப்பின் தாயும் தந்தையும் அங்கே இறந்தார்கள். அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியை அவர் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். 1995இல் உரிமச் சட்டம் வந்ததில் அவருடைய சாட்சியத்துக்குப் பெரும் பங்குண்டு. அந்தத் துயரத்தின் முன்னால் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அந்த 23 பேரில் 14 பேர் பெண்கள் என்பதையும், கொன்றவன் பெண்களைப் பாம்புகள் என்று கடிதத்தில் எழுதியவன் என்பதையும் சேர்த்தே வைக்கிறேன். பெண்வெறுப்பை ஊரறிய எழுதியவனின் கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்ற கேள்வியிலிருந்து ஒரு சட்டம் பிறந்திருக்கலாம். பிறந்தது மற்ற சட்டம்.

அமெரிக்கப் பைத்தியக்காரத்தனம், நமக்கென்ன என்று யாரும் புத்தகத்தை மூட வேண்டாம். தில்லியில் ஓடும் பேருந்தில் அந்த மாணவி சிதைக்கப்பட்டு ஓராண்டு கழிந்தபோது, 2014 ஜனவரியில், கான்பூரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. அவளுக்கு ஊடகங்கள் வைத்த பெயரை ஒட்டி அதற்கு ‘நிர்பீக்’ என்று பெயர். அரைக்கிலோ எடை. விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்து விற்றார்கள். செத்தவளின் பெயரில் நகைப்பெட்டி! அந்தப் பேருந்தில் ஏறிய பெண்ணின் வீட்டில் ஒன்றேகால் லட்சம் எங்கே இருந்தது? துப்பாக்கி வாங்க வசதியில்லாத பெண் தன் மானத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். வசதியுள்ளவளும் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் விலை கூடுதலாக.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பின்தொடர்ந்துவந்து மிரட்டும் சீனியர் மாணவன்மேல் ஒரு முதலாமாண்டு மாணவி புகார் எழுதித் தந்தாள். உள்ளகப் புகார்க் குழு கூடுவதற்கு ஐந்து வாரம் ஆனது. அதற்குள் நிர்வாகம் செய்த ஒரே காரியம், மாணவிகள் எல்லோருக்கும் மிளகு ஸ்ப்ரே வாங்கிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கராத்தே செய்முறை நடத்தி, பத்திரிகைக்குப் படம் அனுப்பியது. ஸ்ப்ரேயைக் காற்று வீசும் பக்கம் பார்த்து அடிக்க வேண்டும் என்றுகூட யாரும் சொல்லித்தரவில்லை. ஹூஸ்டன் போலீஸ்காரி அந்த வகையில் எவ்வளவோ மேல். பழகாத கருவி உனக்கு எதிரி என்றாவது சொன்னார். அந்தப் பையன் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். அவனுடைய பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் பையில்தான் ஸ்ப்ரே இருக்கிறதா என்று வாசலில் சோதித்தார்கள்.

இந்தியாவில் பெண்களுக்கு எதிரான குற்றங்களைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் எண்ணுகிறது. முதலிடத்தில் வருவது கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமை. எந்த ஸ்ப்ரேயை, எந்தக் குறடை, எந்த உறையை அடுக்களையில் இடுப்பில் கட்டிக்கொண்டு ரசம் தாளிப்பது?

என் தங்கையிடம் அதைத் தூக்கிப்போடு என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? வாசலில் கார் நிற்பது அவளுக்கு. திரும்பும் விமானச் சீட்டு எனக்கு. பூட்டு மாற்றினோம், பள்ளியில் யார் யார் மகளை அழைத்துப்போகலாம் என்று எழுதிக் கொடுத்தோம், கீழ்வீட்டு மெக்சிகோக்காரப் பாட்டியிடம் அவனுடைய படத்தையும் கார் எண்ணையும் தந்தோம். அந்தப் பாட்டி மாதிரி ஒரு காவல் எந்தக் கடையிலும் கிடைக்காது, ஜன்னலோரமே உட்கார்ந்திருப்பார்.

ஆனால் பாதுகாப்பைப் பொருளாக விற்கும் ஒவ்வொருவரிடமும், விற்கட்டும் என்று விட்டுவிடும் ஒவ்வொரு அரசிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. எனக்கு என்ன தரப்போகிறாய் என்று கேட்காதீர்கள். அவனிடமிருந்து எதை எடுத்தாய் என்று கேளுங்கள். துப்பாக்கியை, வீட்டுச் சாவியை, குழந்தையைச் சாக்கிட்டு வாசலில் நிற்கும் உரிமையை, கல்லூரி அடையாள அட்டையை. எடுத்ததற்குச் சீட்டு எங்கே? எந்தத் தேதியில் எடுத்தாய்?

2024 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரஹிமி வழக்கில் தீர்ப்பளித்தது. எட்டுக்கு ஒன்று. பிறருக்கு ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கண்டறிந்தவனிடமிருந்து ஆயுதத்தை விலக்கிவைக்கலாம், 1994 சட்டம் செல்லும் என்றார்கள். அங்கே காலை, எனக்கு இரவு. தங்கை கூப்பிட்டாள்.

“தீர்ப்பு வந்துருச்சுக்கா. நம்ம பக்கம்.”

“அவன் வீட்டுக்கு யாராவது போனாங்களா?”

“போகலைக்கா,” என்றாள். பின்னால் மகள் எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தாள். “வக்கீலம்மாகிட்ட கேட்டுட்டேன். அதுக்குன்னு தனியா ஆள் கிடையாதாம். சரி, பெல்ட் மாட்டணும், கிளம்புறேன்.”